துணி டயப்பர் நாறினால், கசிந்தால், காயாவிட்டால்: ஜெர்மனியில் குடியிருக்கும் ராணுவக் குடும்பத்துத் தாய்மாருக்கு

கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார், ராம்ஸ்டைன், லாண்ட்ஸ்டூல் பக்கம் போஸ்டிங், பேஸுக்கு, அதாவது ராணுவ முகாமுக்கு, வெளியே ஏதோ ஒரு கிராமத்தில் வாடகை வீடு, கையில் பச்சைக் குழந்தை. உங்கள் நிலைமை இதுதான் என்றால் மேலே படியுங்கள்.

துணி டயப்பர் பற்றி நமக்கு வரும் யோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க வாஷிங் மெஷினை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அந்த மெஷினுக்கு வெந்நீர் நேராகக் குழாயில் வரும், தொட்டி பெரிது, ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஜெர்மன் வாடகை வீட்டில் இருக்கும் முன்பக்கக் கதவு மெஷின் பச்சைத் தண்ணீரை எடுத்துத் தானே சுட வைக்கிறது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது, ஒரு தடவை துவைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலேகூட எடுத்துக்கொள்கிறது. டெக்ஸாஸில் இருக்கும் தோழிக்கு மணக்காத அதே டயப்பர் உங்களுக்கு நாறுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஆகவே ஏபிஓ என்ற ராணுவத் தபால் விலாசத்துக்குப் புது செட் ஆர்டர் போடும் முன் மெஷின், தண்ணீர், சோப்பு என்ற வரிசையில் சோதித்துப் பாருங்கள். டயப்பர் மீது சந்தேகம் கடைசியில்தான் வர வேண்டும்.

அம்மோனியா நெடி கண்ணை எரிக்கிறது

நெடி எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் கழற்றும் ராத்திரி டயப்பரில் மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சிறுநீரில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. பத்து மணி நேரம் கட்டியிருந்தால் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும். கழற்றியவுடன் குழாயடியில் ஒரு அலசு அலசிவிட்டுக் கூடையில் போடுங்கள், போதும்.

துவைத்துக் காய வைத்த டயப்பர் வாசனையே இல்லாமல் இருக்கிறது, குழந்தை ஒரு தடவை நனைத்ததும் நெடி குப்பென்று ஏறுகிறது என்றால் கதை வேறு. துணிக்குள் பழைய அழுக்கு தங்கிவிட்டது, மெஷின் அதை வெளியே எடுக்கவில்லை. மாட்டுக் கொட்டகை வாடை அடித்தாலும் இதே கோளாறுதான்.

முதலில் மெஷினில் எந்த புரோகிராமில் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். 'ஈகோ 40-60' என்ற பட்டனை டயப்பருக்குத் தொடாதீர்கள். 2021 மார்ச் முதல் ஐரோப்பாவில் விற்கும் புது மெஷின்களில் எல்லாம் இது கட்டாயம். மின்சாரத்தை மிச்சப்படுத்த, குறைந்த சூட்டில் நீண்ட நேரம் ஓடும்படி அமைத்தது. எண்ணில் 60 இருக்கிறதே என்று நம்பினால், உள்ளே தண்ணீர் அந்தச் சூட்டை எட்டியிருக்காது. 'பௌம்வொல்லெ' என்று எழுதியிருப்பதுதான் பருத்தித் துணிக்கான புரோகிராம். அதில் 60 டிகிரி வையுங்கள். 'வாஸர் ப்ளுஸ்' என்ற பட்டன் இருந்தால் அதையும் அழுத்துங்கள், கூடுதல் தண்ணீர் எடுக்கும். 'ப்ஃப்ளேகெலைஷ்ட்' சட்டை, ரவிக்கைக்கு ஏற்ற மென்மையான ஓட்டம். டயப்பருக்கு உதவாது.

அடுத்து, ஒரே ஓட்டத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். 'ஃபோர்வெஷெ' என்ற முன்துவைப்புப் பட்டன் பல மெஷின்களில் இருக்கிறது, ஆனால் அதை அழுத்தினால் நடுவில் கதவைத் திறக்க முடியாது. நான் தனித்தனியாகவே ஓட்டுவேன். முதலில் டயப்பர் மட்டும், 40 டிகிரி, குறுகிய ஓட்டம், கொஞ்சம் சோப்புத்தூள். இதிலேயே பெரும்பாலான சிறுநீர் வெளியே போய்விடும். முடிந்ததும் கதவைத் திறந்தால் துணியெல்லாம் டிரம்மின் சுவரோடு அப்பிக்கொண்டு கிடக்கும். உரித்து, உதறிப் போடுங்கள். அப்புறம் குழந்தையின் சட்டை, சின்னத் துண்டு, ஏப்பத் துணி என்று சேர்த்து டிரம்மில் முக்கால்வாசி நிரம்பும்படி செய்து, 60 டிகிரியில் முழு அளவு சோப்போடு நீண்ட ஓட்டம். முன்பக்க மெஷினில் துணி துணியோடு மோதித்தான் அழுக்கு போகிறது. ஆறு டயப்பரை மட்டும் போட்டால் அவை வழுக்கிக்கொண்டு சுற்றும், மோதாது. பெரிய போர்வை சேர்க்க வேண்டாம், டயப்பரெல்லாம் அதற்குள் சுருண்டுகொள்ளும்.

சோப்புக்கு வருவோம். துணி டயப்பர் என்றாலே சோப்பைக் கால் ஸ்பூன் போடு என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. என் அனுபவத்தில் நாற்றத்துக்குப் பாதிக் காரணம் அந்த யோசனைதான். மூத்திரமும் மலமும் ஊறிய துணி வீட்டிலேயே அதிக அழுக்கான துணி, அதற்குப் போய்ச் சோப்பில் கஞ்சத்தனம் பார்க்கலாமா? ஜெர்மன் கடையில் 'ஃபோல்வாஷ்மிட்டல்' என்று எழுதிய தூள் வாங்குங்கள். அந்தத் தூளில் ஆக்சிஜன் ப்ளீச் கலந்திருக்கும். அதே பெயரில் வரும் திரவத்தில் இருக்காது, வண்ணத் துணிக்கான 'கலர்' வகையிலும் இருக்காது. பேஸுக்குள் இருக்கும் மளிகைக் கடையான கமிசரியில் கிடைக்கும் அமெரிக்கச் சோப்பும் நன்றாகத்தான் துவைக்கும். ஆனால் முன்பக்க மெஷினுக்கு ஏற்றது என்ற குறியீடு பாக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நுரை பொங்கும்.

எவ்வளவு போடுவது என்பதைத் தண்ணீரின் கடினத்தன்மைதான் தீர்மானிக்கிறது. ஜெர்மன் பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு அட்டவணை இருக்கும்: வைஷ், மிட்டல், ஹார்ட். மென்நீர், நடுத்தரம், கடினநீர். 8.4 ஜெர்மன் டிகிரிக்குக் கீழே மென்நீர், 14 வரை நடுத்தரம், அதற்கு மேலே கடினநீர். ஒரு டிகிரி என்பது சுமார் 17.8 பிபிஎம். அமெரிக்கச் சோதனைத் தாளை வைத்துப் பார்க்கிறவர்கள் அதன்படி வகுத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கிராமத்துக்கும் உங்கள் கிராமத்துக்கும் தண்ணீர் வேறாக இருக்கலாம். தண்ணீர் வழங்கும் நிறுவனத்தைக் கேட்டால் அளவைச் சொல்லிவிடுவார்கள், வீட்டு உரிமையாளருக்கும் தெரிந்திருக்கும். அதற்கும் நேரமில்லையா, கெட்டிலுக்குள் எட்டிப் பாருங்கள். வெள்ளைப் படிவம் சீக்கிரம் சீக்கிரமாகக் கட்டுகிறது என்றால் கடினநீர். அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் வேலையில் பாதியைப் பிடுங்கிக்கொள்கின்றன. கடினநீர் வரிசையில், அதிக அழுக்கு என்ற கட்டத்தில் இருக்கும் அளவைப் போடுங்கள். 'வாஸரென்ட்ஹெர்ட்டர்' என்ற நீர்மென்மையாக்கியையும் சேர்க்கலாம். அமெரிக்காவில் இதற்குப் போராக்ஸ் சொல்வார்கள். ஐரோப்பியக் கடைகளில் அது பொதுமக்களுக்குக் கிடைக்காது, தேடி அலைய வேண்டாம்.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் பழைய நாற்றம் போகவில்லையென்றால் ஒரு தடவை ஊறப்போட்டு எடுக்க வேண்டியதுதான். சோப்பு, ஷாம்பு விற்கும் 'ட்ரோகெரி' கடையில் 'ஃப்ளெக்கன்சால்ஸ்' என்ற பெயரில் கறை நீக்கும் தூள் இருக்கும், அதில் சோடியம் பெர்கார்பனேட் உண்டு. துவைத்த டயப்பரை அது கலந்த வெந்நீரில் சில மணி நேரம் ஊற வைத்து, மறுபடி துவையுங்கள். க்ளோரின் ப்ளீச்தான் வேண்டும் என்றால், மூத்திரம் ஊறிய துணியில் நேராக ஊற்றாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும், வினிகரோடு சேர்ந்தாலும் அப்படித்தான். நன்றாகத் துவைத்த துணியில், ஜன்னலைத் திறந்து வைத்து, பாட்டிலில் சொன்ன அளவுக்குத்தான். அதை யாரையும் ஏபிஓ தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள், அரிக்கும் திரவங்களைத் தபாலில் எடுக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணம் மெஷினுக்கு வெளியே இருக்கிறது. பல அடுக்கு வீட்டுக் கட்டடங்களில் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரையும், ஞாயிறு முழுக்கவும் மெஷின் ஓட்டக் கூடாது என்று வீட்டு விதிகளில் எழுதி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை துவைத்துவிட்டு அடுத்தது திங்கள் என்றால் அழுக்கு டயப்பர் மூன்று நாள் கூடையில் கிடக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஓட்டம் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய வாளி வேண்டாம், காற்றுப் புகும் கூடையில் போட்டால் நாற்றம் உண்மையிலேயே குறைகிறது.

டயப்பர் கசிகிறது

கசிந்த டயப்பரைக் கழற்றி உள்ளே இருக்கும் பேடைக் கையால் பிழிந்து பாருங்கள். முழுக்க நனைந்திருந்தால் கொள்ளளவு போதவில்லை, அல்லது நேரம் அதிகமாகிவிட்டது. பச்சைக் குழந்தைக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு. ராத்திரிக்கு ஹெம்ப் (சணல் போன்ற ஒரு நார்) அல்லது மூங்கில் பேட் ஒன்றைக் கூடுதலாக வையுங்கள். ஹெம்ப் மெதுவாக உறிஞ்சும், நிறையப் பிடித்துக்கொள்ளும். மைக்ரோஃபைபர் சட்டென்று உறிஞ்சும், ஆனால் அழுத்தினால் கக்கிவிடும். அதனால் மைக்ரோஃபைபர் மேலே, ஹெம்ப் கீழே. மைக்ரோஃபைபர் குழந்தையின் தோலை நேராகத் தொடக் கூடாது, தோலின் ஈரத்தையும் இழுத்து வறட்டிவிடும். கார் சீட்டில் உட்கார வைத்தால் மட்டும் கசிகிறது என்பவர்களுக்கும் காரணம் பெரும்பாலும் இந்த அழுத்தம்தான்.

பேட் பாதி காய்ந்திருக்கிறது, ஆனால் உடை நனைந்துவிட்டது என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டுப் பாருங்கள். உள்ளே இறங்காமல் முத்தாக நின்றால் துணியில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. புது ஹெம்ப், வெளுக்காத பருத்தி என்றால் இயற்கையான பசை, ஐந்தாறு துவைப்பில் போய்விடும். பழைய துணி என்றால் ஃபேப்ரிக் சாஃப்ட்னர், டிரையர் ஷீட், அல்லது புண்ணுக்குப் பூசும் களிம்பு. வீட்டில் மற்ற துணிக்கு சாஃப்ட்னர் போடும் பழக்கம் இருந்தால் மெஷினின் சோப்பு டிராயரில் அதன் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், கழற்றிக் கழுவுங்கள்.

தண்ணீர் இறங்குகிறது, பேடும் நனையவில்லை, அப்போதும் தொடையோரம் கசிகிறதா? அளவுதான் பொருந்தவில்லை. எலாஸ்டிக் தொடைமேல் நிற்கக் கூடாது, ஜட்டி போல இடுக்கில் உட்கார வேண்டும். முன்பக்கம் உயரம் குறைக்கும் பட்டன்களை ஒரு வரிசை இறக்கிப் பாருங்கள். தொப்புள்கொடி காயும் வரை, அதாவது முதல் ஒன்று முதல் மூன்று வாரம், முன்பக்கத்தைக் கீழே மடித்துக் கட்டுங்கள். அந்த நாட்களில் சரியான அளவு எப்படியும் அமையாது, கொஞ்சம் கசியும். போகட்டும்.

காய மாட்டேன் என்கிறது

நவம்பர் முதல் மார்ச் வரை இந்த ஊரில் வெயிலை நம்பிக் கொடி கட்ட முடியாது. வீட்டுக்குள் காயப்போட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், வாடகை ஒப்பந்தத்திலேயே தினமும் ஜன்னல் திறந்து காற்று விட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். சில நிமிடம் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டு மூடுங்கள். குளிருக்குப் பயந்து சின்ன இடுக்கு வைத்து நாள் முழுக்கத் திறந்து வைப்பதைவிட இது மேல்.

துணியைப் பொறுத்தவரை, பல அடுக்காகத் தைத்த ஆல்-இன்-ஒன் இந்த ஊர்க் குளிர்காலத்துக்கு ஏற்றதில்லை. மடித்துக் கட்டும் ஒற்றைத் துணி, நடுவில் அடுக்கு வைத்துத் தைத்த ப்ரீஃபோல்ட், அதன்மேல் ஈரம் வெளியே வராத ஒரு கவர். இவைதான் சீக்கிரம் காயும். நம் பாட்டிகள் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியதும் ஒற்றைத் துணிதான், அதற்குக் காரணம் இருந்தது. கடைசி ஓட்டத்துக்குப் பிறகு 'ஷ்லோய்டர்ன்' அழுத்தி இன்னொரு தடவை பிழியவிட்டால் காயும் நேரம் நன்றாகக் குறையும். ப்ளாஸ்டிக் பூச்சுள்ள கவரை அமெரிக்க டிரையரின் முழுச் சூட்டில் போடாதீர்கள், பூச்சு உரியும். கவர் எப்படியும் கொடியில் வேகமாகக் காய்ந்துவிடும்.

பேஸில் வாங்கிய மெஷின் டிரான்ஸ்ஃபார்மரில் ஒழுங்காக ஓடவில்லை

டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மோட்டார் உள்ள சாமான்கள் தடுமாறுவது அதனால்தான். ஹவுசிங் ஆபீசில் இரவல் மெஷின் கிடைக்குமா என்று கேளுங்கள்.

தோல் சிவந்து போகிறது

டயப்பர் தொடும் மேடான இடமெல்லாம் சிவப்பு, தோல் மடிப்புக்குள் மட்டும் இல்லை என்றால் ஈரமோ, துணியில் தங்கிய சோப்போ, அம்மோனியாவோதான். அடிக்கடி மாற்றுங்கள், கொஞ்ச நேரம் கட்டாமல் விடுங்கள், கூடுதலாக ஒரு அலசல் வையுங்கள். மடிப்புக்குள்ளும் ரத்தச் சிவப்பு, ஓரத்தில் புள்ளிப் புள்ளியாகச் சிதறியிருக்கிறது, சில நாள் ஆகியும் குறையவில்லை என்றால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாதாரணக் களிம்புக்கு அடங்காது, டாக்டரிடம் காட்டி மருந்து வாங்க வேண்டும். மருந்து போடும் நாட்களில் கடையில் விற்கும் டயப்பருக்கு மாறிவிடுங்கள். துத்தநாகக் களிம்பு பூசினால் அதன்மேல் லைனர் என்ற மெல்லிய தடுப்புத் துணி ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்னபடி தண்ணீர் முத்தாக நிற்கும் கதைதான். ஊரிலிருந்து வந்த பவுடர் டப்பாவை எடுத்து வைத்துவிடுங்கள், குழந்தையின் மூச்சில் போகும்.

போதுமான அளவு நனைக்கிறதா, தெரியவில்லை

இதில் துணி டயப்பர் நல்ல துணை. கடை டயப்பரின் ஜெல் ஈரத்தை விழுங்கி மறைத்துவிடும், துணி ஒளிக்காது. பிறந்த ஐந்தாவது நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு ஈர டயப்பர் இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் செங்கல் பொடி நிறத்தில் கறை தெரிந்தால் அது சிறுநீரில் இருக்கும் யூரேட். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் பால் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும். மலம் கறுப்பிலிருந்து பச்சையாகி மஞ்சளுக்கு மாற வேண்டும். கறுப்பாக வரும் முதல் நாட்களின் மலம் தார் போல ஒட்டும். அதற்குக் கடை டயப்பரையே வைத்துக்கொள்ளுங்கள், வீரம் வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரையும், தனியாக அலச அவசியமில்லை. கெட்டி உணவு ஆரம்பித்ததும் கழிப்பறையில் தட்டிவிட்டுத்தான் கூடையில் போட வேண்டும்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தையின் பெயர் சிஸ்டத்தில் இல்லை என்கிறார்கள்

டயப்பர் சமாச்சாரம் இல்லைதான், ஆனால் டயப்பர் புண்ணைக் காட்டப் போகும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையை 120 நாளுக்குள் டீர்ஸ் என்ற ராணுவக் குடும்பப் பதிவேட்டில் பதிந்து, ட்ரைகேர் என்ற ராணுவ மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனையிலேயே பிறந்திருந்தாலும் அது சட்டப்படி ஜெர்மன் மண். அமெரிக்கக் குடியுரிமை பெற்றோர் வழியாக வருவது, அதற்குத் தூதரகத்தின் வெளிநாட்டுப் பிறப்பறிக்கை வாங்க வேண்டும். கணவர் டிப்ளாய்மென்ட்டில் போகப் போகிறார் என்றால் கிளம்பும் முன் பவர் ஆஃப் அட்டர்னியும், பாஸ்போர்ட்டுக்கு நோட்டரி கையெழுத்திட்ட டிஎஸ்-3053 சம்மதப் படிவமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் போன பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைவதற்கு நாற்றமே தேவலை.

கூடை நிரம்பி வழிகிறது, துவைக்கக் கை எழவில்லை

கணவர் ஃபீல்டில், பயிற்சிக்குப் போயிருக்கிறார். உதவிக்கு வந்த அம்மா கிளம்பியாயிற்று, ஷெங்கன் விசிட்டர் விசாவில் 180 நாளில் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. இப்படி நேரத்தில் கடை டயப்பரைப் பிரித்துக் கட்டுங்கள். கமிசரியில் இருக்கிறது, ஜெர்மன் கடையிலும் இருக்கிறது. ஒரு வாரமோ ஒரு மாதமோ, துணி டயப்பர் எங்கேயும் ஓடிவிடாது.

பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு நடப்பது. அதைத் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள், எமர்ஜென்சிக்குப் போங்கள். ஜெர்மனியில் எண் 112. நியூ பேரன்ட் சப்போர்ட் புரோகிராம் என்று ராணுவத்திலேயே ஒன்று இருக்கிறது, நர்ஸோ சமூகப் பணியாளரோ வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், காசு கிடையாது. ராணுவக் குடும்பங்களுக்கான உதவி எண்ணான மிலிட்டரி ஒன்சோர்ஸை எந்நேரமும் கூப்பிடலாம். கணவரின் யூனிட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குகிறவர்கள் ராணுவத்தின் மதகுருவான சாப்ளினிடம் பேசலாம். அவரிடம் சொல்வது ரகசியமாகவே இருக்கும், நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி.

பிசிஎஸ் (இடமாற்ற) ஆர்டர் வந்துவிட்டது

டயப்பரைக் கப்பலில் போகும் பெரிய சாமானோடு கட்டிவிட்டால் வாரக்கணக்கில் கைக்குக் கிடைக்காது. முன்னால் போய்ச் சேரும் ஹோல்ட் பேகேஜில் பாதி, கையோடு எடுத்துப் போகும் பெட்டியில் ஒற்றைத் துணி ஒரு டஜனும் இரண்டு கவரும். தற்காலிக விடுதியில் மெஷின் பொதுவானதாக இருந்தால் ஒற்றைத் துணியைக் குளியலறைத் தொட்டியிலேயே கசக்கிக் காயப்போட்டுவிடலாம். ஈரத்தோடு எதையும் கட்டாதீர்கள், போய்ச் சேர்வதற்குள் கரும்புள்ளி விழுந்திருக்கும்.

எலாஸ்டிக் தளர்ந்த கவரைத் தூக்கிப் போடத் தேவையில்லை, தையல் தெரிந்தால் பிரித்துப் புது எலாஸ்டிக் கோத்துவிடலாம். குழந்தை வளர்ந்துவிட்டது, விற்றுவிடலாம் என்றால் பேஸுக்குள்ளேயே இன்னொரு ராணுவக் குடும்பத்துக்கு விற்பது சுலபம். பேஸுக்குள் இருக்கும் பிஎக்ஸ் கடையிலோ ஏபிஓ வழியாகவோ வரியில்லாமல் வாங்கிய பொருளைச் சுங்க அனுமதி இல்லாமல் ஜெர்மன் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது, பழைய டயப்பராக இருந்தாலும் விதி அதேதான்.